ஓவர்ஃப்ளோ சத்தம்: கடல்நீர்த் தொட்டியில் காதால் பழுது பார்க்கும் முறை

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் வீட்டில் மீனைப் பற்றி வரும் புகாரைவிட, ராத்திரி கேட்கும் சத்தத்தைப் பற்றி வரும் புகார் அதிகம். தொட்டி கூடத்தில் இருந்தால் டிவி கேட்கவில்லை என்பார்கள். படுக்கையறைப் பக்கம் இருந்தால் தூக்கம் போச்சு என்பார்கள். அவசரத்துக்குப் பலர் செய்வது இரண்டு: அடி அலமாரிக்குள் தெர்மோகோல் ஒட்டுவது, வடிகுழாய் வாயில் ஒரு துண்டு ஸ்பாஞ்சைத் திணிப்பது. தெர்மோகோலால் கெடுதல் இல்லை. ஸ்பாஞ்ச் மட்டும் தயவுசெய்து வேண்டாம். அது அடைத்துக்கொள்ளும் நாளில், கீழ்த்தொட்டியிலிருந்து தண்ணீரை மேலே அனுப்பும் ரிட்டர்ன் பம்ப், தன்னால் இழுக்க முடிந்த உப்புத் தண்ணீர் அத்தனையையும் மேலே ஏற்றித் தரையில் கொட்டிவிடும்.

தண்ணீர் மட்டும் நிறைந்து ஓடும் குழாய் சத்தம் போடாது. காற்று மட்டும் நிற்கும் குழாயும் சத்தம் போடாது. இரண்டும் ஒரே குழாய்க்குள் இடத்துக்கு முட்டிக்கொள்ளும்போதுதான் களகளப்பும் உறிஞ்சலும் வருகின்றன. கீழே வரும் ஒவ்வொரு அறிகுறியிலும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: காற்று எங்கே நுழைகிறது, ஏன் நுழைகிறது? இன்னொன்றையும் சேர்த்து நினைவில் வையுங்கள். அமைதியான வடிகால் பழுதானால் அது சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும். சத்தமே இல்லாமல் பழுதாகும் அமைப்பை வீட்டுக்குள் வைக்கக் கூடாது.

பேச்சுக்கு ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம்; சுமார் 430 லிட்டர். கீழே அலமாரிக்குள் சம்ப் எனும் கீழ்த்தொட்டி. மேலே, தொட்டியில் வழியும் நீர் பற்கள் வெட்டிய விளிம்பைத் தாண்டி வந்து விழும் ஓவர்ஃப்ளோ பெட்டி. பெட்டியிலிருந்து சம்புக்குத் தண்ணீர் இறங்க மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன.

டர்சோ என்பது ஒற்றைக் குழாய். தலையில் ஒரு டீ (மூவழி இணைப்பு), அதன் பக்கவாயில் கீழ்நோக்கிய எல்போ (வளைவு இணைப்பு), உச்சியில் மூடி, மூடியில் சின்னத் துளை. தண்ணீர் குழாயின் உட்சுவரைத் தடவிக்கொண்டு இறங்கும். நடுவில் காற்று நிற்கும். ஹெர்பி என்பது இரண்டு குழாய். ஒன்றில் காற்றே இல்லாமல் தண்ணீர் நிறைந்து ஓடும், அதாவது முழு சைஃபன். அதன் வேகத்தை ஒரு கேட் வால்வு (பல சுற்று திருப்பி மெல்ல மூடும் வகை) கட்டுப்படுத்தும். மற்றது காலியாக நிற்கும் அவசரக் குழாய். பீன் அனிமல் என்பது மூன்று குழாய். முழு சைஃபன் ஒன்று, சைஃபன் விட்ட மிச்சத்தை மெல்லிய ஓட்டமாக வாங்கும் திறந்த குழாய் ஒன்று, கடைசியாக அவசரக் குழாய்.

பம்பை நிறுத்திக் கேளுங்கள்

ஸ்கிம்மரையும் (குமிழ்களால் அழுக்கைப் பிரிக்கும் கருவி) அலை பம்பையும் ஓடவிட்டு, ரிட்டர்ன் பம்பை மட்டும் நிறுத்துங்கள். சத்தம் அப்படியே இருந்தால் வடிகாலைத் தொடவே வேண்டாம். ஸ்கிம்மரின் காற்றுக் குழாயைப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். சத்தம் நின்றால் பம்பை மறுபடி போட்டு நான்கு இடத்தில் காதை வைத்துக் கேளுங்கள்: பெட்டியின் மேல்பக்கம், இறங்கும் குழாயின் நடு, சம்புக்குள் குழாய் முடியும் இடம், பம்ப்.

அப்புறம் ஓட்டத்தை அளந்துவிடுங்கள். பம்ப் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எண் தண்ணீரை உயரத்துக்குத் தூக்காதபோது கிடைப்பது. ஒரு மீட்டருக்கு மேல் ஏற்றினால் நன்றாகவே குறையும். வடிகுழாயின் முனையை 10 லிட்டர் வாளிக்குள் விட்டு நேரம் பாருங்கள். 12 நொடியில் நிறைந்தால் மணிக்கு 3,000 லிட்டர் ஓடுகிறது. நம் 430 லிட்டர் தொட்டிக்கு அது தேவையில்லை. சம்ப் வழியாக மணிக்குத் தொட்டியின் கொள்ளளவைப் போல மூன்றிலிருந்து ஐந்து மடங்கு போனால் போதும், அதாவது 1,300 முதல் 2,150 லிட்டர். பவளத்துக்கு வேண்டிய வேகமான நீரோட்டத்தை மேல்தொட்டியில் உள்ள அலை பம்ப் கொடுக்கும். நிறையத் தொட்டிகளில் ஓட்டத்தைக் குறைத்ததுமே பாதிச் சத்தம் போய்விடுகிறது. டிசி பம்பாக இருந்தால் வேகத்தைக் குறையுங்கள். ஏசி பம்பாக இருந்தால் தண்ணீர் வெளியேறும் பக்கம் வால்வு போட்டுக் குறையுங்கள். உறிஞ்சும் பக்கத்தை அடைத்துக் குறைக்கக் கூடாது.

அறிகுறி: ஃப்ளஷ் அடித்தது போல விட்டுவிட்டு ஒரு இரைச்சல்

பெட்டிக்குள் எட்டிப் பாருங்கள். நீர்மட்டம் மெல்ல ஏறும், ஒரு கட்டத்தில் ‘சொர்ர்ர்’ என்று உறிஞ்சிக்கொண்டு சட்டென்று இறங்கும், மறுபடி ஏறும். டர்சோ போன்ற ஒற்றைக் குழாய்களின் தலையாய நோய் இது. குழாய்க்குள் போதுமான காற்று போகவில்லை. அதனால் தண்ணீர் குழாயை முழுக்க அடைத்து சைஃபனாக மாறுகிறது. சைஃபன் பம்பைவிட வேகமாக இழுக்கும் என்பதால் பெட்டி காலியாகிறது, வாயில் காற்று புகுந்து சைஃபன் உடைகிறது, கதை முதலிலிருந்து தொடங்குகிறது.

மூடியில் உள்ள துளையை முதலில் பாருங்கள். உப்பு படிந்து அடைத்திருக்கலாம். வெந்நீரில் ஊறவைத்துத் துடைத்தால் சரியாகிவிடும். அடைப்பு இல்லையென்றால் துளை சிறியது. ட்ரில் செய்து பெரிதாக்குவதைவிட, காற்று பம்புக்குப் போடும் சின்ன பிளாஸ்டிக் வால்வை அந்தத் துளையில் பொருத்துவது நல்லது. கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, ஏற்ற இறக்கம் நிற்கும் இடத்தில் விட்டுவிடுங்கள். காற்று கூடினால் பெட்டியில் நீர்மட்டம் உயரும், களகளப்பும் கூடும். குறைந்தால் மட்டம் தாழும், உறிஞ்சல் வரும். இரண்டுக்கும் நடுவே ஒரு இடம் கிடைக்கும். மாற்றம் தெரியக் கொஞ்ச நேரம் ஆகும். ஒவ்வொரு திருப்பலுக்குப் பிறகும் சில நிமிடம் பொறுங்கள்.

அந்தத் துளையிலிருந்தே ‘உஸ்ஸ்’ என்று வந்தால், வால்வின் மேல்முனையில் ஒரு சாண் காற்றுக் குழாயை மாட்டிப் பெட்டிக்குப் பின்னால் வளைத்துவிடுங்கள். அந்த ஊதல் அடங்கிவிடும்.

அறிகுறி: நிற்காமல் ஒரே சீராகக் களகள

ஏற்ற இறக்கம் இல்லை, ஆனால் குழாய் முழுக்கப் பொங்குவது போல ஒலி. குழாயின் தாங்குதிறனைவிட ஓட்டம் அதிகம் என்று பொருள். செங்குத்தாக இறங்கும் குழாயில் தண்ணீர் சுவரோடு ஒட்டி இறங்க வேண்டுமென்றால், குழாயின் உள்பரப்பில் கால் பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாக மட்டுமே தண்ணீர் இருக்கலாம். அதைத் தாண்டினால் தண்ணீர் கட்டிகளாகத் திரண்டு, இடையில் காற்றை அடைத்துக்கொண்டு விழும்.

ஒரு அங்குல டர்சோ குழாய் மணிக்கு ஏறத்தாழ 1,000 லிட்டர் வரை அமைதியாக இருக்கும். ஒன்றரை அங்குலம் என்றால் 2,000 லிட்டரைக் கொஞ்சம் தாண்டலாம். அதற்கு மேல் எந்தத் துளையை எப்படித் திருகினாலும் சத்தம் குறையாது. ஓட்டத்தைக் குறைக்க வேண்டும் அல்லது சைஃபனுக்கு மாற வேண்டும். காற்று இல்லாமல் ஓடும் அதே ஒரு அங்குலக் குழாய், முக்கால் மீட்டருக்கு மேல் இறக்கம் இருந்தால், மணிக்கு 3,000 லிட்டரைச் சத்தமில்லாமல் இறக்கிவிடும்.

அறிகுறி: பெட்டியின் விளிம்பில் விழும் சலசலப்பு

குழாயின் மேல் பழி போட வேண்டாம். மேல்தொட்டி நீர் பெட்டியின் பற்களைத் தாண்டி உள்ளே விழும் உயரம் அதிகமாக இருக்கிறது. விழும் உயரம் 3 முதல் 5 செ.மீ.க்குள் இருந்தால் கிட்டத்தட்ட ஒலியே இருக்காது. டர்சோ என்றால் ஒரு சிறு துண்டுக் குழாயைச் சேர்த்து அதன் தலையை உயர்த்துங்கள். சைஃபன் என்றால் வால்வைக் கால் சுற்றுக்கும் குறைவாக மூடி, பெட்டியின் நீர்மட்டத்தை உயர்த்துங்கள். அவசரக் குழாயின் வாய்க்குக் கீழேயே மட்டம் நிற்கட்டும்.

விளிம்பு நீளமும் முக்கியம். பற்கள் இல்லாத நேர் விளிம்பில் ஒரு செ.மீ. நீளத்துக்கு மணிக்கு 100 லிட்டர் என்பது பழைய கணக்கு. பற்கள் இருந்தால் அந்த நீளத்தில் பெரும்பங்கு போய்விடும். பற்களில் பாசி படர்ந்தால் மேல்தொட்டியின் மட்டமும் ஏறும். பல் துலக்கும் பிரஷ் போதும்.

அறிகுறி: கரண்ட் போய் வந்தபின் சைஃபன் பிடிக்கவில்லை

ஹெர்பியும் பீன் அனிமலும் வைத்திருப்பவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. மின்வெட்டு சகஜமான ஊரில் இது சரியாக இருக்கிறதா என்பதுதான் நல்ல அமைப்புக்கான பரீட்சை. பம்ப் திரும்ப ஓடத் தொடங்கியதும் குழாயில் இருக்கும் காற்றை ஓடும் தண்ணீர் கீழே தள்ளி வெளியேற்ற வேண்டும். ஒன்றிரண்டு நிமிடம் இரைச்சல் போட்டு அடங்கினால் எல்லாம் சரி. அடங்காமல் அவசரக் குழாய் கொட்டிக்கொண்டே இருந்தால், காற்று எங்கோ சிக்கியிருக்கிறது.

முதல் சந்தேகம் சைஃபன் குழாயின் கீழ்முனை மீது. அது சம்ப் நீருக்குள் 2 அல்லது 3 செ.மீ. மட்டும் மூழ்கியிருக்க வேண்டும். 15 செ.மீ. ஆழத்தில் இருந்தால், காற்று வெளியேற அத்தனை செ.மீ. தண்ணீரின் அழுத்தத்தையும் எதிர்த்துப் போக வேண்டும். தொடக்கத்தில் இறங்கும் மெல்லிய ஓட்டத்துக்கு அந்தத் தெம்பு இல்லை. கரண்ட் போனதும் சம்பின் மட்டம் ஏறும் என்பதையும் கணக்கில் சேருங்கள். ஓடும்போது 3 செ.மீ. மூழ்கியிருக்கும் முனை, நின்ற பிறகு 10 செ.மீ. மூழ்கியிருக்கலாம். முனையைச் சாய்வாக வெட்டிவிட்டால் காற்று எளிதில் வெளியே வரும்.

அடுத்து, குழாய் போகும் வழியைப் பாருங்கள். படுக்கைவாட்டில் நீண்ட துண்டு இருந்தாலோ, இறங்கிய குழாய் எங்கேனும் மறுபடி மேலே ஏறினாலோ, அங்கே காற்று தங்கும். வழி நெடுகக் கீழ்நோக்கிய சாய்வு இருக்க வேண்டும். 90 பாகை எல்போவுக்குப் பதில் இரண்டு 45 பாகை எல்போ போடுங்கள். மூன்றாவதாக, வால்வு மேலே பெட்டிக்கு அருகில் இருந்தால் அதைக் கீழே, சம்ப் பக்கம் கொண்டுவாருங்கள். வால்வுக்கு மேலே உள்ள நீண்ட தண்ணீர்த் தூண் சுருங்காமல் நிறைந்து நிற்கும், கைக்கும் எட்டும்.

அறிகுறி: நேற்று வரை அமைதி, இன்று உறிஞ்சல் அல்லது அவசரக் குழாயில் ஓட்டம்

இதைக் கொஞ்சம் நின்று புரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் எந்த அமைப்பைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது.

சைஃபனின் வேகத்தை முடிவு செய்வது மேல் நீர்மட்டத்துக்கும் கீழ் நீர்மட்டத்துக்கும் இடையே உள்ள உயரம். நம் தொட்டியில் அது 90 செ.மீ. என்று வையுங்கள். பெட்டியில் மட்டம் 1 செ.மீ. ஏறினால் சைஃபனின் ஓட்டம் ஏறத்தாழ அரை விழுக்காடுதான் கூடும். திருப்பிப் பார்த்தால், பம்பின் ஓட்டம் 1 விழுக்காடு மாறினாலே பெட்டியின் மட்டம் சுமார் 2 செ.மீ. நகர்ந்தால்தான் சமநிலை வரும். 5 விழுக்காடு மாறினால் 10 செ.மீ. நகரும். பம்பின் வாயில் கொஞ்சம் பாசி சேர்ந்தாலோ, ரிட்டர்ன் முனையில் சுண்ணாம்பு படிந்தாலோ 5 விழுக்காடு எளிதில் மாறிவிடும். அதனால்தான் ஹெர்பியை எவ்வளவு நுணுக்கமாக வைத்தாலும் சில வாரத்தில் ஒரு சின்னத் திருத்தம் கேட்கும். இது அமைப்பின் குணம், உங்கள் கைக்குறை அல்ல.

மட்டம் தாழ்ந்து, சைஃபன் வாயில் சுழல் விழுந்து காற்றை உறிஞ்சினால், பம்பின் ஓட்டம் குறைந்திருக்கிறது. வால்வை உடனே மூடாதீர்கள். பம்பை எடுத்துத் தண்ணீர் கலந்த வெள்ளை வினிகரிலோ சிட்ரிக் அமிலக் கரைசலிலோ ஊறவைத்து, இம்பெல்லரை (பம்புக்குள் சுழலும் இறக்கையை) கழுவி மாட்டுங்கள். பெரும்பாலும் பழைய மட்டம் தானே திரும்பிவிடும். சைஃபன் குழாயின் வாய் நீர்மட்டத்துக்குக் கீழே 8 முதல் 10 செ.மீ. ஆழத்தில் இருந்தால் சுழல் விழும் ஆபத்தும் குறைவு.

மட்டம் ஏறி அவசரக் குழாயில் தண்ணீர் போனால், சைஃபன் குழாய் குறுகியிருக்கிறது. திடீரென்று வந்தால் நத்தை. டர்போ நத்தைகள் பெட்டிக்குள் ஏறிக் குழாய் வாயில் உட்கார்ந்துகொள்ளும். வாயில் ஒரு பிளாஸ்டிக் வடிகூடை மாட்டுங்கள், அதையும் வாரம் ஒருமுறை பாருங்கள். மெல்ல மெல்ல ஏறினால், குழாய்க்குள் பாசிப்படலமும் வெர்மெட்டிட் எனும் குழல் நத்தைகளின் ஓடும் வளர்ந்திருக்கின்றன. வால்வை முழுக்கத் திறந்து சில நொடி விட்டு, மறுபடி பழைய இடத்துக்குக் கொண்டுவந்தால் தளர்வான அழுக்கு போய்விடும். சுண்ணாம்பு ஓடு போக, குழாயைக் கழற்றி அமிலக் கரைசலில் ஊறவைத்து நல்ல நீரில் அலச வேண்டும். கழற்றுவதற்கு யூனியன் (திருகிக் கழற்றும் இணைப்பு) போட்டு வைத்தவர்கள் அன்று நிம்மதியாக இருப்பார்கள்.

இந்த ஓயாத திருத்தம் வேண்டாம் என்பவர்களுக்காகத்தான் பீன் அனிமலின் நடுக் குழாய். சைஃபனைப் பம்பைவிடக் கொஞ்சம் குறைவாக இழுக்கும்படி வைத்துவிட்டு, மிச்சமுள்ள சிறு ஓட்டத்தை அந்தத் திறந்த குழாய் வாங்கிக்கொள்ளும். ஓட்டம் சிறிது என்பதால் அது சுவரோடு ஒட்டி ஓசையின்றி இறங்கும். பம்ப் கூடினாலும் குறைந்தாலும் அந்தச் சிறு ஓட்டம் மட்டும் கூடிக் குறையும். பெட்டியின் மட்டம் அசையாது. அதன் மூடியிலிருந்து ஒரு காற்றுக் குழாயை எடுத்து, அதன் முனை இயல்பான நீர்மட்டத்துக்குச் சற்று மேலே நிற்கும்படி வளைத்து வைப்பார்கள். சைஃபன் அடைத்து மட்டம் ஏறினால் அந்த முனை நீரில் மூழ்கும், காற்று நின்றுபோகும், திறந்த குழாயே முழு சைஃபனாக மாறி வேலையை ஏற்றுக்கொள்ளும். மின்சாரமோ சென்சாரோ இல்லாமல், வெறும் குழாய்த் துண்டால் கிடைக்கும் இந்தப் பாதுகாப்பை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அறிகுறி: சம்புக்குள் தெறிப்பு, மேல்தொட்டியில் குட்டிக் குமிழ்கள்

வடிகுழாய் நீருக்கு மேலே முடிந்தால் தெறிக்கும். தெறித்த இடமெல்லாம் உப்புப் பூக்கும். முனையை மேலே சொன்னபடி மூழ்கவிடுங்கள். அவசரக் குழாய் மட்டும் விதிவிலக்கு. அதன் முனை நீருக்கு மேலேயே இருக்கட்டும். அதில் தண்ணீர் வந்தால் கொட்டும் சத்தம் வீடு முழுக்கக் கேட்க வேண்டும். உங்கள் எச்சரிக்கை மணி அதுதான்.

குமிழ்கள் ரிட்டர்ன் வழியாக மேலே வந்தால், சம்பின் பம்ப் அறையில் நீர்மட்டம் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சம்ப் உள்ள அமைப்பில் ஆவியாகும் தண்ணீரின் குறைவு மேல்தொட்டியில் தெரியாது. அந்த ஒரு அறையில்தான் தெரியும். கோடையில் மின்விசிறிக்குக் கீழே இருக்கும் தொட்டியில் இது வேகமாக இறங்கும். மட்டம் தாழ்ந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும். உப்பு ஆவியாகாது என்பதால் நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், கடல்நீரை அல்ல. தானாக நிரப்பும் கருவி இருந்தால் இந்த அறிகுறியே வராது.

அறிகுறி: ‘ம்ம்ம்’ என்ற முனகல்

பம்பைத் தண்ணீருக்குள்ளேயே கையில் தூக்கிப் பிடியுங்கள். முனகல் நின்றால் அதிர்வுதான் காரணம்: பம்பின் அடியில் சிலிக்கான் மெத்தை போட்டு, ரிட்டர்ன் குழாயின் முதல் அரை அடியைக் கெட்டிக் குழாய்க்குப் பதில் சிலிக்கான் குழாயாக மாற்றுங்கள். குழாய் அலமாரிப் பலகையைத் தொடும் துளையையும் பாருங்கள். கையில் தூக்கியும் நிற்கவில்லை என்றால் இம்பெல்லரின் தண்டோ புஷ்ஷோ தேய்ந்திருக்கும்.

இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் முனகினால் பம்பைக் குறை சொல்ல வேண்டாம். சதுர அலை இன்வெர்ட்டர்கள் ஏசி மோட்டார்களை இப்படித்தான் முனக வைக்கும், சூடாக்கவும் செய்யும். சைன் அலை இன்வெர்ட்டரில் இது இல்லை.

துளை போடாத தொட்டியில் தொங்கும் பெட்டி

விளிம்பில் தொங்கவிட்டு, வளைந்த குழாயால் தண்ணீரைத் தாண்டவைக்கும் பெட்டிகள் கிடைக்கின்றன. இவற்றின் சத்தத்தை அடக்குவதைவிட இவற்றை மாற்றுவதில் செலவிடுங்கள் என்பேன். வளைவின் உச்சியில் குமிழ்கள் சேர்ந்து சைஃபன் அறுந்தால், பம்ப் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். சாதாரணக் கண்ணாடியில் வைர முனை ட்ரில்லால், தண்ணீர் ஊற்றிக்கொண்டே நிதானமாகத் துளை போட முடியும். டஃபன் செய்த (சூடாக்கிக் கடினமாக்கிய) கண்ணாடியில் முடியாது. தொட்ட நொடியில் முழுக்கச் சிதறும். எந்தக் கண்ணாடி என்று உறுதி செய்யாமல் ட்ரில்லைக் கையில் எடுக்காதீர்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது

சென்னையில் மீன் தொட்டிக் கடைகள் நிறைந்த கொளத்தூரிலோ வேறு எங்கோ புதிதாகத் தொட்டி செய்யக் கொடுப்பவர் என்றால் மூன்று துளை கேளுங்கள், பீன் அனிமல் போடுங்கள். ரிட்டர்னுக்கு என்று நான்காவது துளை வேண்டாம். அது மேல்விளிம்பு வழியாகவே வரலாம்.

வாங்கிய தொட்டியில் ஏற்கெனவே இரண்டு துளை, ஒன்று வடிகாலுக்கும் சின்னது ரிட்டர்னுக்கும் என்று இருந்தால், ரிட்டர்னை விளிம்பு வழியாகக் கொண்டுபோய் இரண்டு துளைகளையும் வடிகாலாக்குங்கள். ஹெர்பி கிடைத்துவிடும். இதில் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பெரிய துளையை சைஃபனுக்குக் கொடுக்கத்தான் கை போகும். சின்னதைச் சைஃபனுக்குக் கொடுங்கள். நிறைந்து ஓடும் முக்கால் அங்குலக் குழாய் மணிக்கு 1,500 லிட்டரைத் தாராளமாக இறக்கும். காற்றோடு சேர்ந்து இறக்க வேண்டிய அவசரக் குழாய்க்குத்தான் பெரிய துளை தேவை.

ஒரே துளைதான், மாற்ற வழியில்லை என்றால், ஒன்றரை அங்குல டர்சோ போட்டு, ஓட்டத்தை மணிக்கு 2,000 லிட்டருக்குள் வையுங்கள். ஒற்றைக் குழாயில் வால்வு போட்டு சைஃபனாக்கும் யோசனையைத் தொடவே வேண்டாம். அடைத்தால் அதற்குத் துணை இல்லை.

பிளம்பிங் கடையில் கவனிக்க வேண்டியவை. கேட் வால்வு என்று கேட்டால் முதலில் பித்தளைதான் எடுத்து வைப்பார்கள். பித்தளையில் செம்பு இருக்கிறது. உப்புநீரில் கரைந்து இறால், நத்தை, பவளம் எல்லாவற்றையும் கொன்றுவிடும். பிளாஸ்டிக் கேட் வால்வு கிடைக்கும்வரை தேடுங்கள். பால் வால்வு எல்லாக் கடையிலும் இருக்கும். ஆனால் கால் சுற்றில் முழுக்க மூடிவிடும் அதைக் கொண்டு ஒரு விழுக்காடு திருத்துவது பெரும்பாடு. குழாய் வகையையும் கலக்காதீர்கள். விவசாயத்துக்கான 32 மி.மீ. குழாயும் ஒரு அங்குல யு.பி.வி.சி. குழாயும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். பின்னதன் வெளிவிட்டம் 33.4 மி.மீ. ஒன்றின் எல்போ மற்றதில் சரியாக உட்காராது. தொட்டித் துளையில் மாட்டும் டேங்க் கனெக்டரிலிருந்து சம்ப் வரை ஒரே வகையில் வாங்குங்கள்.

அவசரக் குழாயில் வால்வு கூடாது, ஃபில்டர் சாக் (அழுக்கு வடிக்கும் துணிப்பை) கூடாது, அதைக் கீழே சைஃபன் குழாயோடு டீ போட்டு இணைக்கவும் கூடாது. தனியாகவே சம்புக்கு வர வேண்டும்.

வேலை முடிந்ததும் இரண்டு சோதனை

பம்பை நிறுத்துங்கள். மேல்தொட்டியிலிருந்து எவ்வளவு தண்ணீர் இறங்குகிறது என்று பாருங்கள். நம் தொட்டியில் 1 செ.மீ. இறங்கினால் சம்புக்கு 7 லிட்டர் வரும். ரிட்டர்ன் முனை 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால் அதன் வழியாகத் திரும்பி இறங்குவதையும் சேர்த்து 36 லிட்டர். 90 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம் உள்ள சம்பில் அது 10 செ.மீ. உயரம். பெட்டிக்குள்ளிருந்து இறங்குவது தனி. சம்பில் அவ்வளவு இடம் இல்லையென்றால் ரிட்டர்ன் முனையை மேற்பரப்புக்கு அருகே உயர்த்துங்கள், அல்லது நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ரிட்டர்ன் குழாயில் ஒரு சின்னத் துளை போடுங்கள். மட்டம் அதுவரை இறங்கியதும் காற்று புகுந்து ஓட்டம் நிற்கும். தண்ணீர் பின்னோக்கி வராமல் தடுக்கும் ‘நான்-ரிட்டர்ன்’ வால்வை நம்பி இதை விட்டுவிடாதீர்கள். அதன் மடலில் ஒரு துளி சுண்ணாம்பு படிந்தாலே முழுக்க மூடாது.

பிறகு பம்பை ஓடவிட்டு, சைஃபன் வால்வை முழுக்க மூடுங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள். பெட்டியில் மட்டம் ஏறும். மூன்று குழாய் அமைப்பில் திறந்த குழாய் சைஃபனாக மாறும், அப்புறம் தேவைப்பட்டால் அவசரக் குழாய் இரைச்சலோடு கொட்டும். கால் மணி நேரம் அப்படியே ஓடட்டும். மேல்தொட்டியின் நீர் கண்ணாடி விளிம்புக்கு 2 செ.மீ. கீழேயே நின்றுவிட்டால் வால்வைத் திறந்து பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். அதற்கு மேல் ஏறினால், குழாயைப் பெரிதாக்கும்வரை பம்பின் வேகத்தைக் குறைத்தே ஓட்டுங்கள்.